டிரம் கழுவிய சனிக்கிழமை

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தட்டிய முதல் கதவைத் திறந்த பெரியவர் என்னையும் என் தோள்பையையும் மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, "வேணாம்மா, எங்க வீட்ல மிக்ஸி இருக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

சாத்திய கதவைப் பார்த்து நான், "ஐயா, நான் சுகாதார ஆய்வாளர்" என்றேன்.

"அதுவும் இருக்கும்மா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

என்னோடு வந்திருந்த அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்ப்பது அவர் வேலை. அவரையும் அவரைப் போன்ற சிலரையும் மேற்பார்வை செய்வது அன்று காலையிலிருந்து என் வேலை. மேற்பார்வை செய்ய வந்தவள் கூடச் சேர்ந்து சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். தெருவில் மற்ற கதவுகள் தாமாகவே திறந்தன. யார் இந்தப் பைத்தியங்கள் என்று பார்க்க வந்தவர்களிடம் நான் என் அடையாள அட்டையைக் காட்டினேன். அரசு அதிகாரியாக என் வாழ்க்கை இப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் வீடு திருப்பரங்குன்றத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவோம், வாசல்படி தாண்டினால் மதுரைத் தமிழ். அப்பா சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் சரக்கு அனுப்பும் வேலை பார்க்கிறார். நான் சுகாதார ஆய்வாளர் படிப்பை முடித்து, பரீட்சை எழுதி, முடிவுக்காக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த காலத்தில் அம்மா எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முதலில் வந்துவிட்டது. அன்று அம்மா தெரு முழுக்கப் போய், "எம் மகளுக்கு ஹெல்த்துல ஆபீசர் வேலை" என்று சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலமே பக்கத்து வீட்டு அத்தை முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். நான் டாக்டர் இல்லை, கொசு, குடிதண்ணீர், கடைகளின் சுத்தம் இதையெல்லாம் பார்ப்பவள் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஊசி மட்டுமாவது போடுவியா?" என்றார்.

வேலை வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில். காலையில் ஒரு பஸ் பிடித்து ஆரப்பாளையம் போய், அங்கே இன்னொரு பஸ். ஊரைத் தாண்டியதும் வயல்கள் வந்துவிடும். தூரத்தில் சிறுமலை. ஜன்னலோரம் உட்கார்ந்து, தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே டார்ச்லைட்டும் புழு அள்ளும் அகப்பையும் வெள்ளைக் கிண்ணமும் இருக்கின்றனவா என்று அடிக்கடி தொட்டுப் பார்ப்பேன். கல்யாணப் பெண் தன் வளையல்களைத் தொட்டுப் பார்ப்பதுபோல என்று அக்கா கேலி செய்வார். செய்யட்டும். அந்த நாட்களில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

என் முதல் புழுவை ஒரு வீட்டுக் கொல்லையில் கண்டுபிடித்தேன். சிமெண்டுத் தொட்டி. மூடியை நகர்த்தி டார்ச் அடித்ததும், குட்டிக் குட்டியாக நெளிந்துகொண்டிருந்தவை சரசரவென்று அடிக்கு இறங்கின. பயிற்சியில் படமாகவும் கண்ணாடிக் குப்பியிலும் மட்டுமே பார்த்திருந்தேன். இது நானே தேடிப் பிடித்தது.

"அக்கா! புழு! எம்புட்டு இருக்கு பாருங்க!" என்று கத்திவிட்டேன்.

எங்களுக்காகக் காபி கொண்டுவந்த வீட்டுக்காரம்மா அப்படியே நின்றார். "என்னம்மா, எங்க வீட்டுல புழு இருக்குன்னு லாட்டரி விழுந்த மாதிரி கத்துற?"

காபியைக் கொடுத்தார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. தெருவுக்கு வந்ததும் அக்கா என்னை ஓரமாக நிறுத்தினார்.

"மேடம், புழு கெடைச்சா சந்தோசப்படக் கூடாது. மூஞ்சிய லேசா வருத்தமா வச்சுக்கிறணும். வீட்டுக்காரவுகளுக்குச் சங்கடமா இருக்கும்ல?"

"எப்படி?"

அவர் செய்து காட்டினார். நானும் செய்தேன். உற்றுப் பார்த்தார். "அம்புட்டு வேணாம். யாரோ செத்துட்டாகன்னு நெனச்சுருவாக."

அன்று முழுக்க வருத்தத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பழகினோம். வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் ஃபிரிட்ஜை முன்னுக்கு இழுத்து, பின்னாலுள்ள தட்டில் டார்ச் அடித்தேன். அங்கே ஒரு குடும்பமே நீந்திக்கொண்டிருந்தது. நான் வருத்தமான முகத்தை அம்மாவிடம் காட்டினேன். அம்மா தட்டை எட்டிப் பார்த்துவிட்டு முதலில் வாசல் கதவைச் சாத்தினார். "வெளிய யாருகிட்டயும் சொல்லிறாத" என்றார். ஆபீசர் வீட்டு மானம் போய்விடுமாம்.

இப்படிச் சிரிப்பும் ஓட்டமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கிராமத்தின் பள்ளிக்கூடத் தெருவில் காய்ச்சல் வந்தது. கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு டெங்கு என்று பரிசோதனையில் உறுதியாகி, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அதே தெருவில் இன்னும் சிலர் காய்ச்சலோடு எங்கள் நிலையத்துக்கு வந்து போனார்கள். எங்கள் மருத்துவர் என்னைவிடச் சற்றே மூத்த பெண். சுற்றிவளைத்துப் பேச மாட்டார்.

"அந்தத் தெருவில் புழு இருக்கக்கூடாது. என்ன செய்வீங்களோ, செய்யுங்க" என்றார்.

அக்காவும் நானும் போனோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள் நின்றன. டார்ச் அடித்த இடமெல்லாம் புழு. இந்த முறை நான் கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் பெண்ணின் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது.

அடுத்த வீடு இட்லிக் கடை. கடையை நடத்தும் அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். இவர் இட்லி விற்றே சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி, மகனைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். தெருவில் அவர் சொன்னால்தான் எதுவும் நடக்கும் என்று என்னோடு வந்த பணியாளர் அக்கா ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார். அவருடைய மூன்று டிரம்களையும் பார்த்துவிட்டு, அவற்றைக் கொட்டிக் கழுவ வேண்டும் என்றேன்.

இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "கொட்டணுமா?"

"ஆமாக்கா."

"தண்ணி எப்பவோ ஒருக்கா வருது. வந்தாலும் அம்புட்டு நேரம் நிக்காது. இம்புட்டையும் கொட்டிட்டு எதுல மாவாட்ட? எதைக் குடிக்க? நீ கொண்டாந்து ஊத்துவியா?"

"கொட்ட வேணாம்னா மருந்து ஊத்தலாம்க்கா. குடிக்கிற தண்ணில ஊத்துற மருந்துதான், ஒண்ணும் செய்யாது."

"மருந்து ஊத்துன தண்ணில அவிச்ச இட்லிய எவன் திம்பான்? நீ திம்பியா?"

தின்பேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "என்னைக்குத் தண்ணி வரும்னு தெரிஞ்சா முத நாளே காலி பண்ணிக் கழுவி வச்சுற மாட்டமா? எங்களுக்கென்ன புழு வளக்கணும்னு ஆசையா? என்னைக்கு வரும்னு தொறந்து விடுறவனுக்கே தெரியாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்று பட்டது. வாரக்கணக்கில் வீடு வீடாகப் போய், கழுவுங்கள் கழுவுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். தண்ணீர் வரும் நாள் தெரியாததால்தான் யாரும் டிரம்மைக் காலியாக விடுவதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பாதி டிரம் தண்ணீர் மேலேயே புதுத் தண்ணீரும் விழுந்தால் புழுவுக்கு அது நிரந்தர வீடு.

தண்ணீர் திறந்துவிடுபவரைத் தேடிப் போனேன். அவர் டீக்கடை முன்னால் மொபெட்டில் சாய்ந்து நின்றிருந்தார். வால்வு திருப்பும் நீண்ட இரும்புச் சாவி வண்டியில் கட்டியிருந்தது.

"அண்ணே, அந்தத் தெருவுக்குத் தண்ணி என்னைக்குன்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா?"

"சொன்னா என்னைய நிம்மதியா இருக்க விடுவாய்ங்களா மேடம்? கொஞ்சம் லேட்டானா வீட்டுக்கே வந்துருவாய்ங்க."

"நான் சொன்னதாச் சொல்லுங்க. என் வீட்டுக்கு வரட்டும்."

"ஒங்க வீடு எங்க?"

"திருப்பரங்குன்றம்."

அவர் டீயை ஒரு வாய் குடித்து யோசித்தார். "அம்புட்டுத் தூரம் வரமாட்டாய்ங்க" என்று திருப்திப்பட்டுக்கொண்டு, "சரி, சனிக்கிழமை காலையில" என்றார்.

மருத்துவர் ஊராட்சித் தலைவரிடம் போனில் பேசிச் சம்மதம் வாங்கினார். இனி ஊருக்குச் சொல்ல வேண்டும். இட்லிக் கடை அக்காவின் தம்பி ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் மைக், லைட், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுபவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் "பொதுமக்களின் மேலான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து அழகாக எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது வரி படிப்பதற்குள் ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கியது.

"ஐயோ அம்மா!" என்று என் குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

பின்னால் உட்கார்ந்திருந்த பணியாளர் அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். அதைப் பார்த்து எனக்கும் பீறிட்டது. மைக்கை அணைக்கத் தெரியவில்லை. ஓர் அரசு அறிவிப்பு முழுக்கச் சிரிப்பாகவே இரண்டு தெருக்களைத் தாண்டியது. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுதியதை மடித்து வைத்துவிட்டு என் வாய்க்கு வந்தபடி பேசினேன்.

"பள்ளிக்கூடத் தெருக்காரவுகளுக்குத்தான் சொல்றேன். நாளைக்குக் காலையில தண்ணி வருது. நெசமாத்தான் வருது. டிரம்மக் கொட்டிட்டு, தேங்கா நாரு போட்டு ஓரமெல்லாம் அழுத்தித் தேச்சு வைங்க. கொசு முட்ட ஓரத்துலதான் ஒட்டிக்கெடக்கும். சும்மா அலசுனா போகாது."

சனிக்கிழமை நாங்கள் போனபோது யாரும் டிரம்மைத் தொட்டிருக்கவில்லை. எல்லாரும் இட்லிக் கடை அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் மொதல்ல கொட்டுறேன். தண்ணி வரலைன்னு வையி, ஒன்னையத் தூக்கி இதுக்குள்ள போட்டு மூடிருவேன்."

"மூடிய நல்லா டைட்டாப் போடுங்கக்கா. கொசு உள்ள போயிறக் கூடாது" என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவர் ஒரு கணம் முறைத்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டே முதல் டிரம்மைச் சாய்த்தார்.

அதற்குப் பிறகு தெருவைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் தென்னை மரங்களுக்கும் வாசல் மண்ணுக்கும் ஓடியது. நானும் சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு டிரம்முக்குள் தலையை விட்டுத் தேய்த்தேன். உள்ளே பேசினால் குரல் கும்மென்று எதிரொலித்தது. ஆளுக்கொரு டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசினார்கள். நடுவில் அம்மா போன் செய்தார். சாப்பிட்டாயா என்பதற்கு எங்கள் வீட்டு மொழியில் பதில் சொல்லி வைத்ததும், சுற்றியிருந்தவர்கள் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"என்ன பாசை இது? மலையாளமா?"

"சௌராஷ்டிரா அக்கா."

"அட, பட்டுநூல்காரவுக வீட்டுப் புள்ளயா! மைக்குல அப்பிடியே எங்கூருக்காரி மாதிரி பேசுன?"

"பொறந்து வளந்ததெல்லாம் மதுரதானக்கா."

"அப்ப ஒங்க பாசையில கொசுவத் திட்டு, பாப்பம்."

எனக்குத் தெரிந்த வசவு எல்லாம் அம்மா என்னைத் திட்டியவைதான். அவற்றைக் கொசுவுக்குத் திருப்பிவிட்டேன். ஒரு சொல்லும் புரியாமலேயே கைதட்டினார்கள்.

கழுவிய டிரம்களைத் தெரு நெடுகக் கவிழ்த்து வைத்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர் எந்த வீட்டிலும் இல்லை. அப்போதுதான் தெருமுனை மாவு மில்லின் சத்தம் நின்றது.

"கரண்டு போயிருச்சு" என்றார் ஒருவர்.

"வந்துரும்" என்றேன்.

"எங்கிட்டு வரும்? இன்னைக்கு மாசாந்திர கட்டுல்ல? சாயங்காலந்தான்."

மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்துவார்கள். எங்கள் வீட்டிலும் உண்டு. முதல் நாளே பேப்பரில் வரும். நான் பார்க்கவில்லை. மொபெட்டில் வந்து இறங்கிய தண்ணீர்க்கார அண்ணன் வால்வுச் சாவியோடு கையை விரித்தார்.

"நான் தொறக்கத்தான் செய்வேன் மேடம். மோட்டார் ஓடணும்ல? மேல்தொட்டில இருந்ததையும் நேத்தே மத்த தெருவுக்கு விட்டுட்டேன்."

கவிழ்ந்து கிடந்த அத்தனை டிரம்களும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று தெரிந்தது. காய்ச்சல்காரர்கள் இருக்கும் வீடுகளில் குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லாமல் செய்துவிட்டேன். வாடிப்பட்டியில் யாரிடமாவது தண்ணீர் லாரி கிடைக்குமா என்று மருத்துவரைக் கேட்கப் போனை எடுத்தேன்.

அதற்குள் இட்லிக் கடை அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"டேய், எங்கடா இருக்க? மண்டபத்துலயா? தாலி கட்டியாச்சா? கட்டியாச்சுல்ல, ஜெனரேட்டர் வண்டிய இங்கிட்டுக் கொண்டா."

தம்பியின் குரல் எங்களுக்கும் கேட்டது. "பந்தி ஓடிக்கிட்டு இருக்குக்கா."

"பட்டப்பகல்ல பந்திக்கு எதுக்குடா கரண்டு? எல கண்ணுக்குத் தெரியலையாமா? இங்க ஒரு புள்ள நம்மள நம்பி டிரம்மக் கவுத்துப்புட்டு நிக்கிது. வெரசா வா."

உண்மையில் அவர்கள்தான் என்னை நம்பிக் கவிழ்த்திருந்தார்கள். இட்லிக் கடை அக்கா அதை அப்படியே மாற்றிப் போட்டதைக் கேட்டதும் என் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்க்காமல் டிரம்முக்குள் குனிந்துகொண்டேன்.

வண்டி வந்தது. முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்தது, பக்கவாட்டில் பூச்சரம் தொங்கியது. தம்பி கல்யாண வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, மோட்டார் அறையில் மெயினை இறக்கிவிட்டு, ஒயரை இழுத்து இணைத்தார். நாங்கள் எல்லாரும் தெருக்குழாயைச் சுற்றி நின்றோம். ஜெனரேட்டர் உறுமியது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. குழாயில் ஒன்றும் வரவில்லை. பிறகு புஸ்ஸென்று காற்று வந்தது. குழாய் இருமியது. செம்பழுப்பாகக் கொஞ்சம் துப்பியது. அடுத்த நொடி வெள்ளை வெளேரென்று கொட்டியது.

நான் போட்ட சத்தம் வாடிப்பட்டி வரை கேட்டிருக்கும். பணியாளர் அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, ஒரு செம்புத் தண்ணீர் என் முதுகில் வந்து விழுந்தது. நான் திரும்பி ஊற்றினேன். தம்பி, கரண்டுதான் இருக்கிறதே என்று ஸ்பீக்கரில் பாட்டும் போட்டுவிட்டார். என்ன நடக்கிறது என்று பார்க்க ஸ்கூட்டியில் வந்த மருத்துவரை இட்லிக் கடை அக்கா ஒரு குடத்தோடு வரவேற்றார். தலை முதல் கால் வரை நனைந்து நின்ற மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தண்ணிய வீணாக்காதீங்க" என்றார். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான்.

டிரம்கள் நிறைந்ததும் பழைய சேலைகளை இரட்டையாக மடித்து வாயில் கட்டினோம். பச்சை, ஊதா, பொட்டுப் பொட்டாக மஞ்சள். தெரு முழுக்க டிரம்கள் சேலை உடுத்தி நின்றன. பிறகு கடையில் உட்கார வைத்து எனக்கும் அக்காவுக்கும் இட்லி வைத்தார் இட்லிக் கடை அக்கா. ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு எத்தனை தின்றேன் என்று எனக்கே தெரியாது.

பஸ்ஸில் சீட் நனையும் என்று நின்றுகொண்டே வந்தேன். சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்து, "எங்கம்மா மழை?" என்று கண்டக்டர் கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அந்தத் தெருவிலிருந்து புதிதாக யாரும் காய்ச்சலோடு வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த பெண் தேறி வீட்டுக்கு வந்தாள். நான் போனபோது இளைத்த முகத்தோடு வாசலில் உட்கார்ந்து, "நான் இல்லாதப்பப் பாட்டெல்லாம் போட்டீங்களாமே?" என்று குறைப்பட்டுக்கொண்டாள். தண்ணீர்க்கார அண்ணன் இப்போது முதல் நாளே இட்லிக் கடைச் சுவரில் சாக்பீஸால் கிழமையை எழுதிவிடுகிறார். என்னிடம் மட்டும் அலுத்துக்கொள்வார். அடுத்த தெருப் பெண்கள் சுகாதார நிலையத்துக்கே வந்து, எங்களுக்கு என்றைக்கு என்று கேட்டார்கள். மின்தடை நாளைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

அவர்களுக்குச் சொன்ன சனிக்கிழமை காலையில், அம்மா எங்கள் தெருவில் சேர்த்துக் கொடுத்த தேங்காய் நாரை ஒரு பை நிறைய மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா எதற்கு இவ்வளவு நார் என்று கேட்டார். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். சமயநல்லூரில் வண்டி நின்றபோதுதான் அவர் பதறி எழுந்தார். அவர் பரவையிலேயே இறங்கியிருக்க வேண்டுமாம்.